பனிச்சறுக்கு மலையடியில், மினிவானுக்குள் இரண்டு இரவுகள்

போன மாதப் பதிவுக்குக் கீழே மூன்று பேர் ஏறக்குறைய ஒரே கேள்வியைக் கேட்டிருந்தீர்கள். பனிச்சறுக்கு மலைகளின் தரிப்பிடத்தில் வாகனத்தை விட்டுவிட்டு அதற்குள்ளேயே இரவு தங்கலாமா, லிப்டுக்குக் காசு கொடுக்காமல் மலையில் நடந்து ஏறலாமா என்று. சில இடங்களில் முடியும், சில இடங்களில் முடியாது. அந்த வித்தியாசம் எனக்குப் பிடிபட்டது 1996 பெப்ரவரியில். அந்தப் பயணத்தைப் பற்றி எழுதினாலே உங்களுக்கான பதிலும் அதற்குள் வந்துவிடும். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்போது நாங்கள் ரொறன்ரோவின் வடகிழக்கு ஓரத்தில், மில்லிக்கனில், ஸ்ரீல்ஸ் வீதிக்குக் கிட்ட ஒரு வீட்டின் பேஸ்மென்ற்றில் இருந்தோம். எனக்கு ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை. என் கணவர் யோகநாதன் பெற்றோல் நிலையம் ஒன்றில் காசாளர். ஊரில் அவர் சேவையர், அதாவது நில அளவையாளர். பதினொரு வருடம் அரசாங்கத் திணைக்களத்தில் இருந்தவர். வவுனியாப் பக்கத்தில் அரச காணி எங்கே முடிகிறது, தனியார் காணி எங்கே தொடங்குகிறது என்று அளந்து முளை அடித்துக் கொடுப்பதுதான் வேலை. ஒருநாள் வெளியில் முக்காலியை விரித்து வைத்துக் கருவிக்குள் பார்த்துக்கொண்டு நின்றவரை, அது என்ன ஆயுதம் என்று கேட்டு ஆமிக்காரர் பிடித்துக்கொண்டு போய் நான்கு நாள் வைத்திருந்தார்கள். அதற்குப் பிறகுதான் நாங்கள் கனடாவுக்கு வந்தது.

1996 ஜனவரியில், இங்கே சேவையராக வேலை செய்ய என்ன செய்யவேண்டும் என்று அவர் எழுதிக் கேட்டதற்கு மறுமொழி வந்தது. படிப்பைப் பெரும்பாலும் திரும்பத் தொடங்க வேண்டும், நான்கைந்து வருடம் ஆகலாம் என்று இருந்தது. மரியாதையாகத்தான் எழுதியிருந்தார்கள். அவருக்கு அப்போது நாற்பத்து மூன்று வயது. கடிதத்தை மடித்து மேசை லாச்சிக்குள் வைத்தார். அதற்குப் பிறகு கதைப்பது குறைந்துவிட்டது. கோபம் என்று சொல்ல முடியாது. எதைக் கேட்டாலும் ஓம், இல்லை, பாப்பம். மூன்று சொல்லோடு ஒரு மாதம் போனது.

என்னோடு சமையலறையில் வேலை செய்த ஷெரில் வடக்கே பிறந்து வளர்ந்தவள். அவள்தான் இந்த மலையைப் பற்றிச் சொன்னாள். சின்ன மலை, இரண்டே லிப்ட், கூட்டமில்லை. சுற்றிவர அரச காணி. கீழ்த் தரிப்பிடத்தில் வாகனத்தை விட்டு எத்தனை இரவும் படுக்கலாம், சறுக்கத் தெரியாவிட்டாலும் ஓரமாக நடந்து உச்சிக்குப் போகலாம், ஒருவரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள் என்றாள். எனக்கு அந்தக் கடைசி வசனம் பிடித்தது. ஒருவரும் ஒன்றும் கேட்காத ஓர் இடத்தில் இந்த மனிசனை இரண்டு நாள் வைத்திருக்கலாம் என்று நினைத்தேன். பிள்ளைகள் இருவரையும் யூனியன்வில்லில் என் தங்கச்சி வீட்டில் விட்டோம்.

வெள்ளிக்கிழமை மதியம் 12.15க்கு வெளிக்கிட்டோம். வானை நான்தான் ஓடினேன். 401இல் மேற்கே போய், 400இல் ஏறி, பரி நகரத்தைத் தாண்டி 11ஆம் இலக்க நெடுஞ்சாலை. பரிக்கு வடக்கே ஒரு கோப்பிக் கடையில் இருபது நிமிடம் நின்று, கொண்டுபோன றோல்ஸைக் வானுக்குள்ளேயே சாப்பிட்டோம். கோப்பி இரண்டும் ஒரு டொலர் எழுபது சதம். ஹன்ற்ஸ்வில்லுக்குப் பிறகு வீதியின் இரண்டு பக்கமும் பாறையை வெட்டிய சுவர்கள். பாறைக்குள்ளிருந்து கசிந்த தண்ணீர் நீல நிறத்தில் உறைந்து தொங்கும். பகலில் போனால் அதைத் தவறவிடாதீர்கள். நெடுஞ்சாலையை விட்டு இறங்கியபின் 24 கிலோமீற்றர் கிளை வீதி. போய்ச் சேர்ந்தபோது மணி 4.40. எங்கள் வாசலிலிருந்து 287 கிலோமீற்றர்.

மலையின் பெயரை எழுதவில்லை. கைமாறி, பெயரும் மாறிவிட்டது. இடம் எப்படியென்றால், மேலே சறுக்குபவர்கள் இளைப்பாறும் மரக் கட்டடம், லொட்ஜ் என்பார்கள். அதற்கு முன்னால் மேல் தரிப்பிடம். அங்கிருந்து ஓர் இறக்கத்தில் இருநூறு மீற்றர் போனால் கீழ்த் தரிப்பிடம். அதற்கு அப்பால் பைன் மரங்கள், ஓர் ஏரி. லிப்டில் தொங்கிக்கொண்டு போகிற ஆட்கள் சிவப்பும் மஞ்சளுமாகத் தெரிந்தார்கள். வானம் கறுத்து, பெரிய பெரிய பனித் துகள்கள் விழத் தொடங்கியிருந்தன. எனக்கு ஏனோ சந்தோசமாக இருந்தது.

கீழ்த் தரிப்பிடத்தில் ஒரே ஒரு பழைய கம்பர் வாகனம், படுக்கையும் அடுப்பும் உள்ளே இருக்கிற வகை, நின்றது. அதற்குப் பக்கத்தில் எங்கள் மினிவானை நிறுத்தினேன். நிறுத்திய பிறகுதான் தரிப்பிடத்தின் தூர மூலையில் இருந்த புதுப் பலகையைக் கண்டேன். தனியார் நிலம். இரவுத் தரிப்பு இல்லை. நடந்து ஏறுதல் தடை.

நான் வாசித்து முடிக்கவில்லை, கண்ணாடியில் தட்டு விழுந்தது. உயரமான, அறுபது வயதைத் தாண்டிய ஒருவர். சீருடை ஜக்கெற், தோளில் வோக்கிடோக்கி. காவலாளி. பெயர் வோல்ற்றர் என்று பிறகு தெரிந்தது.

"இரவு தங்குகிற நோக்கமா?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறக்க முன்னம் என் கணவர் மறுபக்கத்திலிருந்து "சொறி, சொறி சேர்" என்றார். பிறகு என்னிடம் மெதுவாக, "வெளிக்கிடுவம் வசந்தி. திருப்பும்."

அவருடைய இரண்டு கைகளும் முழங்காலின் மேல், விரல்கள் விரிந்து, பார்ப்பவருக்குத் தெரிகிற மாதிரி இருந்தன. ஊரில் சோதனைச் சாவடியில் அப்படித்தான் வைத்திருப்பார். கனடாவில் அதை நான் அன்றைக்குத்தான் கண்டேன்.

வோல்ற்றரும் அதைக் கண்டிருக்க வேண்டும். குனிந்து உள்ளே பார்த்துவிட்டு, குரலைத் தணித்துக் கொண்டார். "இந்தப் பனியில் உங்களைத் திருப்பி அனுப்பமாட்டேன். இன்றிரவு நில்லுங்கள். காலை எட்டு மணிக்குக் கிளம்பிவிட வேண்டும். இந்த சீசன் வந்த புது மனேச்சரின் கட்டளை. எனக்கும் விருப்பமில்லாத வேலைதான்."

கம்பருக்குள்ளிருந்து ஒரு பெண் இறங்கி வந்தார். லொறேன். எழுபது வயது இருக்கும். கணவரோடு பத்தொன்பது குளிர்காலமாக அந்த இடத்துக்கு வருகிறார்களாம். கணவருக்கு இப்போது சறுக்க முடியாது. காலையில் எழும்பி உச்சிவரை நடந்து போய் ஏரியைப் பார்த்துவிட்டு வருவது மட்டும்தான். "எங்களுக்கும் எட்டு மணிதான் கடைசி," என்றார். "வோல்ற்றரோடு சண்டை பிடித்துப் பிரயோசனமில்லை. அவன் பாவம்."

ஐந்தரைக்குச் சூடு தேடி லொட்ஜுக்கு ஏறிப் போனோம். சூப் 3.25, ஹொட் சொக்லேற் 1.50. நான் வாங்கிக்கொண்டு திரும்பினால் மேசையில் ஆளில்லை. கணப்படுப்புக்குப் பக்கத்துச் சுவரில் பழைய மரச் சறுக்குப் பலகைகள், மஞ்சளாய்ப் போன படங்கள் எல்லாம் அலங்காரத்துக்கு மாட்டியிருந்தார்கள். அவற்றுக்கு நடுவில் கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு வரைபடம். அதற்கு முன்னால் என் கணவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

நான் சூப்பைக் குடித்து முடித்தேன். அவருடையது ஆறிப் போனது. இருபது நிமிடம் இருக்கும்.

"வசந்தி, இஞ்சை வாரும். இதைப் பாரும்."

ஒரு மாதத்துக்குப் பிறகு அவராகக் கூப்பிட்ட முதல் தடவை அது. நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். எனக்கு அது கோடுகளும் எண்களும்தான்.

"இது இந்தக் குத்தகையின்ர சேவே பிளான்," என்றார். "அரசாங்கம் மலையை இவைக்குக் குத்தகைக்குக் குடுக்கேக்கை அளந்தது. பழசு. பாரும், அளவெல்லாம் சங்கிலியிலை எழுதியிருக்கு. அறுபத்தாறடிச் சங்கிலி. நான் படிக்கேக்கையும் இதே சங்கிலிதான்." விரல் கண்ணாடியில் முட்டாமல் ஒரு கோட்டின் மேல் போனது. "இது பம்ப் வீட்டுக்குப் பக்கத்து முளை. இது வீதியோரம், மதகுக்குக் கிட்ட. அந்த ரண்டையும் தொடுத்து நேரை இறங்கினால் பத்துச் சங்கிலியிலை மூண்டாவது முளை. கோட்டுக்கு இந்தப் பக்கம் இவையின்ர குத்தகை. அந்தப் பக்கம் அரச காணி."

"அப்ப நாங்கள் நிக்கிற இடம்?"

"அந்தப் பக்கம் எண்டுதான் நினைக்கிறன். அந்தப் பலகையும் அந்தப் பக்கந்தான்."

"நிச்சயமோ?"

"முளையைக் காணாமல் நிச்சயமெண்டு சொல்லேலாது."

"என்ன செய்யப் போறீங்கள்?"

"ஒண்டும் செய்யேல்லை," என்று சொல்லிவிட்டு ஆறின சூப்பைக் குடித்தார்.

இரவைப் பற்றி எழுத அதிகமில்லை. வெளியே சைபருக்குக் கீழே 17 பாகை. பின் இருக்கைகளைக் கழற்றிவிட்டு, இரண்டு மெத்தைப் பாய், குளிர் தாங்குகிற படுக்கைப் பைகள், மேலே வீட்டுப் போர்வை. எஞ்சினை அணைத்துவிட்டு, ஒரு கண்ணாடியை விரல் அகலம் திறந்து வைத்தோம். காலையில் கண்ணாடியின் உட்பக்கம் முழுக்க எங்கள் மூச்சு உறைந்திருந்தது.

ஆறரைக்கு எழும்பினால் பக்கத்தில் ஆளில்லை. சப்பாத்தை மாட்டிக்கொண்டு இறங்கினேன். பனி நின்று, வானம் வெளுத்து, சுற்றிவர எல்லாம் புதிதாகப் போட்டு மூடியது போல இருந்தது. மதகுக்குப் பக்கத்தில் அவரும் வோல்ற்றரும் எதிரெதிரே நின்றார்கள். ஓடிப் போனேன்.

வோல்ற்றர் சொல்லிக்கொண்டிருந்தார்: "பம்ப் வீட்டுக்குப் பக்கத்து இரும்பா? அது எனக்குத் தெரியாமலா? ஒவ்வொரு கோடையும் என் புல்லு வெட்டுகிற மெசினின் பிளேட்டை உடைப்பது அதுதான்."

என் கணவர் போய்க் கேட்டிருக்கிறார். சீருடை போட்ட ஒருவரிடம் தானாகப் போய், "எனக்கு ஒரு அளவு நாடா கிடைக்குமா?" என்று கேட்டிருக்கிறார். எப்படி மனம் வந்தது என்று பிறகு நான் கேட்டதற்கு, "அந்தாளுக்குத்தான் முளை எங்கையெண்டு தெரிஞ்சிருக்கும். வேறை ஆரைக் கேக்கிறது?" என்றார். அவ்வளவுதான்.

வோல்ற்றர் கொட்டிலுக்குள்ளிருந்து வேலி போடப் பாவிக்கிற நூறடி நாடாவும், மண்வெட்டியும், சறுக்குபவர்கள் மறந்துவிட்டுப் போன மூன்று ஊன்றுகோல்களும் கொண்டுவந்தார். பம்ப் வீட்டு முளையில் ஓர் ஊன்றுகோல். மதகு முளையைத் தோண்டி அதில் ஒன்று. மூன்றாவதை என் கணவர் என் கையில் தந்து இறக்கத்தில் போகச் சொன்னார். நான் போய்த் திரும்பி நின்றேன். அவர் மேலே ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு, கையால் இடம் வலம் காட்டினார். கொஞ்சம் இடக்கை. இன்னும். காணும். குத்தும்.

கலியாணம் கட்டிப் பன்னிரண்டு வருடம். அவர் வேலை செய்வதை நான் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். ஊரில் அவர் காட்டுக்குள் போவார், மாதக் கடைசியில் வருவார். இப்படி நிற்பார், இப்படிக் கையை அசைப்பார் என்று எனக்குத் தெரியாது. அந்தக் கையில் அவசரமே இல்லை.

நாடாவின் ஒரு நுனியை வோல்ற்றர் பிடித்தார். இறக்கமாகையால் நாடாவை நிலத்தோடு விடாமல் மட்டமாகப் பிடிக்க வேண்டும் என்று என் கணவர் அவருக்குச் செய்து காட்டினார். ஆறு முழு நாடா, பிறகு அறுபது அடி. 660 அடி, பத்துச் சங்கிலி. போய் முடிந்த இடம் கீழ்த் தரிப்பிடத்தின் ஓரம், பனி அள்ளுகிற வண்டி ஒதுக்கிவிட்ட வரப்பு. லொறேனும் கோப்பிக் கோப்பையோடு வந்து நின்றார்.

என் கணவர் தோண்டினார். பனி, பிறகு பனிக்கட்டி, பிறகு சரளைக்கல். இரும்பு இல்லை. ஓரடி தள்ளித் தோண்டினார். இல்லை.

எனக்கு முளையைப் பற்றிய கவலை இல்லை. அது இருந்தாலென்ன, போனாலென்ன. இந்த மனிசன் மண்வெட்டியைக் கொடுத்துவிட்டு, "சொறி சேர், என்ர பிழை" என்று சொல்லி வானுக்குள் ஏறிவிடுவாரோ என்றுதான் பயமாக இருந்தது.

அவர் நிமிர்ந்து மேலே மதகைப் பார்த்தார். சிரித்தார்.

"நாங்கள் ஒழுங்காய் அளந்ததுதான் பிழை," என்றார் என்னிடம். "அந்தக் காலத்திலை சங்கிலி பிடிச்ச ஆக்களும் ஊரிலை என்னோடை வேலை செய்த பொடியள் மாதிரித்தான். சரிவிலை சங்கிலியை நிலத்தோடை போட்டு இழுத்திருப்பினம். அப்ப முளை கிட்டத்தான் இருக்கும்." மேட்டுப் பக்கமாக மூன்று அடி வந்து அங்கே தோண்டினார்.

மண்வெட்டி இரும்பில் பட்ட சத்தம் நால்வருக்கும் கேட்டது. ஓர் அங்குலச் சதுரக் கம்பி, நிலமட்டத்தில். கையுறையைக் கழற்றிவிட்டு அதன் தலையைத் துடைத்தார். வெட்டியிருந்த எண் தெரிந்தது.

அப்போதுதான் மனேச்சர் இறக்கத்தில் வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். தெற்கே ஒரு பெரிய மலையில் வேலை செய்துவிட்டு வந்தவராம். மணி எட்டரை ஆகிவிட்டிருந்தது.

"யாரைக் கேட்டு இங்கே தோண்டுகிறீர்கள்?"

வோல்ற்றர் ஏதோ சொல்ல வந்தார். என் கணவர் கையைக் காட்டி நிறுத்தினார். அவருடைய ஆங்கிலம் மெதுவானது, ஒவ்வொரு சொல்லாக வைப்பார்.

"நான் நில அளவையாளர். உங்கள் குத்தகையின் எல்லை இந்த இரும்பில் வருகிறது. உங்கள் லொட்ஜ் சுவரில் இருக்கிற பிளானில் இது மூன்றாவது முளை. உங்கள் அறிவிப்புப் பலகை இதிலிருந்து நூற்று நாற்பது அடி வெளியே, அரச காணியில் நிற்கிறது."

மனேச்சர் திரும்பி லொட்ஜ் பக்கம் ஏறிப் போனார். பொலிஸைக் கூப்பிடத்தான் போகிறார் என்று நினைத்து, உடனே வெளிக்கிட வசதியாக வானின் திறப்பைக் கைக்குள் எடுத்து வைத்துக்கொண்டேன். திரும்பி வந்தபோது அந்தக் கண்ணாடிச் சட்டத்தைச் சுவரிலிருந்து கழற்றிக் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டு வந்தார். எங்கள் வானின் முன் மூடியில் அதைப் படுக்கவைத்து இருவரும் குனிந்து பார்த்தார்கள்.

"இங்கே உங்களுக்கு லைசென்ஸ் இருக்கிறதா?" என்று மனேச்சர் கேட்டார்.

நான் பயந்த கேள்வி அதுதான்.

"இந்த நாட்டில் இல்லை," என்றார் என் கணவர். "என்னை நம்ப வேண்டாம். பனி கரைந்ததும் உங்கள் சேவையரைக் கூட்டிவந்து அளந்து பாருங்கள். அவருக்கும் இதே இரும்புதான் கிடைக்கும்."

"காப்புறுதிக்காரர் சொன்னதால்தான் பலகை போட்டேன். யாராவது இரவில் குளிரில் விறைத்துப் போனால் நான் பொறுப்பு."

"அது சரியான பயம்தான். அதற்கு நான் மறுப்புச் சொல்லவில்லை. கோடு எங்கே என்றுதான் சொன்னேன்."

மனேச்சர் முளையைப் பார்த்தார், தூரத்தில் பலகையைப் பார்த்தார், வரிசையாக நின்ற மூன்று ஊன்றுகோல்களைப் பார்த்தார். கடைசியில், "வோல்ற்றர், பலகையைக் கழற்றி மேலே கொண்டுபோய் வை. சேவையர் வந்து பார்க்கும்வரை இப்படியே இருக்கட்டும்," என்றார். எங்கள் பக்கம் திரும்பி, பனி அள்ளுகிற வண்டிக்கு வழி விட்டு வாகனத்தை ஓரமாக நிறுத்தும்படி மட்டும் கேட்டுக்கொண்டார். போகும்போது எங்கள் விலாசத்தைக் குறித்துக்கொண்டு, கையுறையைக் கழற்றி என் கணவருக்குக் கை கொடுத்தார். அந்த மனிசனை நான் இன்றைக்கும் மதிக்கிறேன். பிழையாகப் போட்ட பலகையை அந்த இடத்திலேயே கழற்றுகிற அதிகாரிகள் எத்தனை பேரைக் கண்டிருக்கிறோம்?

லொறேன் கணவரைக் கூட்டிக்கொண்டு உடனேயே நடக்கத் தொடங்கிவிட்டார். நாங்கள் லொட்ஜில் ஆளுக்கு ஏழு டொலருக்குப் பனிச் சப்பாத்து, அகலமான சட்டம் போட்டது, வாடகைக்கு எடுத்துக்கொண்டு பத்தரைக்குப் புறப்பட்டோம். சறுக்குப் பாதைகளுக்கு வெளியே, மரங்களுக்குள்ளால் ஒரு பழைய மரம் வெட்டும் பாதை உச்சிவரை போகிறது. முழுக்க அரச காணி. வோல்ற்றர்தான் தொடக்கத்தைக் காட்டிவிட்டார். உச்சியில் ஏரி வெள்ளைத் தட்டையாகக் கிடந்தது. அதற்கப்பால் காடு, இன்னோர் ஏரி, பிறகும் காடு. வேலி என்று ஒன்று கண்ணுக்குத் தெரியவில்லை. இவ்வளவும் ஊருக்குப் பொது, எங்களுக்கும் சேர்த்துத்தான் என்பதை அங்கே நின்று யோசித்தபோது நெஞ்சு நிறைந்துபோனது.

சனி இரவும் அங்கேயே நின்றோம். லொறேன் பட்டாணி சூப் தந்தார், நாங்கள் மிச்சமிருந்த றோல்ஸைக் கொடுத்தோம். ஞாயிறு காலை 11 மணிக்கு வெளிக்கிட்டு மூன்றேகாலுக்கு யூனியன்வில்லில் பிள்ளைகளை ஏற்றினோம். போக வரப் பெற்றோல் 39 டொலர்.

மே மாதம் மனேச்சரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. அவர்களுடைய சேவையர் வந்து அளந்திருக்கிறார். அதே இரும்பு, அதே கோடு. அந்தச் சேவையர் கடிதத்தின் அடியில் கையால் இரண்டு வரி எழுதியிருந்தார்: ரொறன்ரோவில் தனக்குத் தெரிந்த நிறுவனம் ஒன்று வெளிக்கள வேலைக்கு ஆள் தேடுகிறது, அதற்கு லைசென்ஸ் தேவையில்லை, தன் பெயரைச் சொல்லலாம். லைசென்ஸ் இல்லாவிட்டால் அந்தப் பக்கமே போக முடியாது என்றுதான் நாங்கள் அதுவரை நினைத்திருந்தோம். கேட்டுப் பார்க்கவே இல்லை.

ஜூனில் சேர்ந்தார். முதல் வருடம் மற்றவர்களுக்குக் கோல் பிடிக்கிற வேலை. தன்னைவிட இருபது வயது குறைந்தவர்களுக்கு. சில நாள் முகம் வாடி வருவார், மறைக்கத் தேவையில்லை. நான்காவது வருடம் ஒரு குழுவுக்குப் பொறுப்பானார். லைசென்ஸ் கடைசிவரை எடுக்கவில்லை. பதினேழு வருடம் அந்த வேலையிலேயே இருந்து ஓய்வு பெற்றார். ஸ்ரௌவ்வில்லில் இன்று எங்கள் ஆட்கள் இருக்கிற சில வீதிகளுக்கு வீடே வர முன்னம், வெறும் வயலாக இருந்தபோது கோடு போட்டவர்களில் அவரும் ஒருவர்.

இனி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன்.

போக முன்னம் அந்த மலை யாருடைய நிலத்தில் இருக்கிறது என்று பாருங்கள். ஒன்ராறியோவின் அரச காணி வரைபடம் இப்போது இணையத்திலேயே இருக்கிறது, காசில்லை. பல மலைகள் முழுக்கத் தனியாருடையவை. அங்கே வேண்டாம் என்றால் வேண்டாம்தான். அரச காணியில் இருக்கிற மலையிலும் குத்தகைக்குள் இருக்கிற பகுதிக்குக் குத்தகைக்காரர் சொல்வதுதான் விதி. குத்தகைக்கு வெளியே, தடை போடாத அரச காணியில், இங்கே வசிப்பவர்கள் ஓரிடத்தில் 21 நாள்வரை தங்கலாம் என்பதுதான் எங்களுக்குத் தெரிந்த விதி. மாறியிருக்கலாம், பார்த்துவிட்டுப் போங்கள். நான் எழுதிய விலைகளெல்லாம் அந்தக் காலத்து விலை. அவற்றை நம்பிக் காசு கொண்டுபோகாதீர்கள்.

படுக்கும்போது எஞ்சினை ஓடவிட்டுப் படுக்கவே கூடாது. பனி புகைக்குழாயை மூடினால் நச்சுப் புகை உள்ளே வரும், எழும்பமாட்டீர்கள். கண்ணாடி கொஞ்சம் திறந்திருக்கட்டும். தண்ணீர்ப் போத்தலைப் படுக்கைப் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள், வெளியே வைத்தால் காலையில் கட்டிதான். சறுக்குப் பாதையில் நடக்காதீர்கள். இரவில் பனியைச் சமன்செய்கிற வண்டிகள் இரும்புக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு ஓடும், இருட்டில் அந்தக் கயிறு தெரியாது.

காவலாளி வந்து தட்டினால் இறங்கிப் போய்க் கதையுங்கள். அவர்களுக்கு அந்த இடம் எங்களைவிட நன்றாகத் தெரியும்.

அந்த மரம் வெட்டும் பாதையில் உச்சிக்குப் போய்ச் சேர ஐம்பது நிமிடம் போதும். பிறகு வந்த வருடங்களில் பிள்ளைகளோடு போனபோது அவ்வளவுதான் எடுத்தது. அன்றைக்கு எங்களுக்கு இரண்டு மணித்தியாலமும் பத்து நிமிடமும் எடுத்தது. ஏறுகிற வழியெல்லாம் அவர் நின்று நின்று எனக்கு விளங்கப்படுத்தினார். பாறையின் சரிவைப் பார்த்து உயரத்தை எப்படி மட்டுக்கட்டுவது, காட்டுக்குள் கோடு தவறாமல் எப்படி நடப்பது, வவுனியாவில் மழைக்காலத்தில் சங்கிலி எப்படித் துருப்பிடிக்கும் என்று. கால் விறைத்தது. நடவுங்கோ என்று நான் ஒருதரமும் சொல்லவில்லை.